எழுத்துமூலமாகக் கேட்டேன்

இந்தியக் கடவுச்சீட்டைத் திறந்தால் ஒரு வாசகம் இருக்கும். குடியரசுத் தலைவரின் பெயரால், இதை வைத்திருப்பவரைத் தடையின்றிச் செல்ல விட வேண்டும். தேவைப்படும் உதவியும் பாதுகாப்பும் அளிக்க வேண்டும். சம்பந்தப்பட்ட அனைவருக்கும் இது பொருந்தும். இரண்டு மொழிகளில் அச்சிட்டிருக்கிறார்கள். அதை நான் ஒருவருக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். ஆங்கிலத்தில். நிறுத்தி, நிதானமாக. அவர் கையில் துப்பாக்கி இருந்தது. அந்த இரண்டு மொழிகளும் அவருக்குத் தெரியாது.

மார்ச் ஆறு. வியாழக்கிழமை. பிற்பகல் இரண்டு நாற்பது. நெடுஞ்சாலை. குறுக்கே இரும்புப் பீப்பாய்கள். இடப்புறம் ஒரு தகரக் கொட்டகை. பெண்கள் ஒரு வரிசை. ஆண்கள் ஒரு வரிசை. நடுவில் முப்பது அடி வெறும் மண். விசில் சத்தம் வருகிறது. உயரத்தில் தொடங்கித் தணிந்துகொண்டே வருகிறது. ஆண்கள் வரிசையிலிருந்து என் கணவர் கத்துகிறார்.

"குனிமே! தலையக் குனி!"

குனிகிறேன். ஒன்று. இரண்டு. மூன்று. தரை உதைக்கிறது. சத்தம் அதற்குப் பிறகுதான் வருகிறது. புழுதி. ஒரு குழந்தை விடாமல் இருமுகிறது. எழுந்தேன். சேலையைத் தட்டினேன். விட்ட இடத்திலிருந்து வாசித்தேன்.

இதைத் திண்டிவனத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். செய்தித்தாள்கள் அந்தப் போரை மூன்றாவது வாரமே மறந்துவிட்டன. அதனால் எழுதுகிறேன். நாட்டின் பெயரைக் குறிப்பிடவில்லை. எங்களுக்கு உதவிய ஒருவர் இன்னும் அங்கே இருக்கிறார். அவருக்குத் தொல்லை வரக் கூடாது. அரபி பேசும் நாடு. பெரிய ஆறு ஓடும் நாடு. அவ்வளவு போதும்.

நான் விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்துநான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். எந்த மனுவுக்கு எந்தப் படிவம், எத்தனை நகல், எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும், எல்லாம் தெரியும். தமிழ் தெரியும். ஆங்கிலம் தெரியும். இந்தி வாசிப்பேன். என் கணவர் ஏழுமலைக்குத் தமிழ் மட்டும். அதுவும் மயிலத்துக்கும் கூட்டேரிப்பட்டுக்கும் நடுவில் பேசும் தமிழ். எட்டாவது வரை படித்தவர். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் விவசாயி. விதையை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தே முளைக்குமா முளைக்காதா என்று சொல்வார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அந்த விதைக் கைக்காகத்தான் அவரை அழைத்தார்கள். ஆற்றுப் பாசனத்தில் மல்லாட்டை போடும் ஒரு தனியார் நிறுவனம். ஒரு பருவத்துக்கு மேற்பார்வையாளர் வேண்டும். நவம்பர் கடைசியில் போனோம். நான் ‘உடன் செல்பவர்’ என்ற பிரிவில். விசா படிவத்தில் என் தொழிலை ‘இல்லத்தரசி’ என்று முகவர் நிரப்பியிருந்தார். அடித்துத் திருத்திச் சுருக்கொப்பம் இட்டேன்.

மூன்று மாதம் அங்கே இருந்தோம். நான் முறைப்படி மொழி கற்றேன். ஒரு நோட்டு. இடப்பக்கம் தமிழ். வலப்பக்கம் அரபி உச்சரிப்பு. நாற்பது சொற்கள். கடையில் நான் வாயைத் திறந்தால் கடைக்காரர் சிரிப்பார். நான்காவது முறை சொன்னால் தக்காளிக்குப் பதில் வெங்காயம் தருவார். ஏழுமலை ஒரு சொல்லும் படிக்கவில்லை. பண்ணைக் காவலாளி இத்ரீஸோடு தினமும் ஒரு மணி நேரம் பேசுவார். அவர் அரபியில். இவர் தமிழில்.

"இன்னாதான் பேசிக்கினு இருக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவன் மூணாவது பொண்ணுக்கு மாப்ள பாக்குறானாம். பையன் லாரி ஓட்றானாம். எனுக்கு மனசுக்குப் புடிக்கல. வேணாம்னுட்டேன்."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவன்தான் சொன்னான்."

கதை விடுகிறார் என்று நினைத்தேன். ஆங்கிலம் தெரிந்த பண்ணை மேலாளரிடம் விசாரித்தேன். உண்மை. மூன்றாவது பெண். லாரி.

கடவுச்சீட்டுகள் இரண்டும் என் கோப்பில். அசலை யாரிடமும் கொடுப்பதில்லை. கணவரிடமும் இல்லை. குடும்ப அட்டையைச் சட்டைப்பையில் வைத்தபடியே துவைக்கப் போட்ட மனிதர். அவருக்கு ஒரு நகல் கொடுத்தேன். ‘உண்மை நகல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஓய்வு பெற்றவள் அப்படிச் சான்றிட முடியாது. தெரிந்தேதான் செய்தேன்.

"ஆபீசரம்மாவே கையெழுத்து போட்டுட்டாங்க," என்றார் ஏழுமலை. "இனிமே மிலிட்டரிகாரன்லாம் சல்யூட் அடிப்பான்."

மார்ச் ஒன்று. சனிக்கிழமை. விடிகாலை ஐந்து ஐம்பது. முதல் சத்தம். டிப்பர் லாரி கருங்கல் ஜல்லியைக் கொட்டுவதுபோல. திண்டிவனத்துக்காரர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கம். திரும்பிப் படுத்தேன். இரண்டாவது முறை கொட்டியது. மூன்றாவது முறை சன்னல் கண்ணாடி விழுந்தது.

ஒன்பது மணிக்கு மேலாளர் ஜீப்பில் போனார். திரும்பி வரவில்லை. பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசி செத்தது. நான் ஒரு மனு எழுதினேன். எங்கள் இருவர் விவரம், இருப்பிடம், கோரிக்கை. அனுப்ப அஞ்சல் இல்லை. அலுவலக நகலைக் கோப்பில் வைத்தேன். அசலையும் கோப்பில் வைத்தேன்.

ஐந்து நாள் விதைக் கிடங்கில் இருந்தோம். சிமென்ட் கூரை. மூட்டைகளுக்கு நடுவில் படுக்கை. இத்ரீஸ் தண்ணீர் கொண்டுவந்தார். பகலில் தொலைவில் பீரங்கி. மாலையில் அருகில் துப்பாக்கி. ஐந்தாம் தேதி மாலை இத்ரீஸ் ஓடி வந்தார். கைகளை ஆட்டினார். சாலைப் பக்கம் காட்டினார். வட்டமாக ஸ்டியரிங் பிடித்துக் காட்டினார். நான் நோட்டைப் புரட்டினேன். அதில் காய்கறிகள்தான் இருந்தன.

"ரோட்டுக்கு பஸ்ஸு வருதாம்," என்றார் ஏழுமலை. "நம்ம ஆளுங்கள ஏத்திக்கினு போறாங்களாம். நாளிக்கு மட்டுந்தானாம்."

"யாரு அறிவிச்சாங்க? எழுத்துல எதனா இருக்கா?"

"பேஜாரு பண்ணாதமே. கெளம்பு."

மறுநாள் கழுதை வண்டியில் நான்கு மணி நேரம். பீப்பாய்களுக்குக் கொஞ்சம் முன்னால் இத்ரீஸ் வண்டியை நிறுத்தினார். அதற்கு மேல் அவர் வர முடியாது. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஏழுமலை அவரிடம் என்னவோ சொன்னார். இத்ரீஸ் தலையாட்டினார். அந்த லாரிக்காரப் பையன் விஷயமாகத்தான் இருக்க வேண்டும்.

பிறகு அந்த இரண்டு வரிசைகள்.

என் கடவுச்சீட்டை என் கையில் வைத்தபடியே பார்த்தார்கள். விட்டார்கள். ஆண்கள் வரிசையில் ஏழுமலையின் முறை வந்தது. நகலைக் காட்டினார். துப்பாக்கிக்காரர் அதை வெயிலில் தூக்கிப் பார்த்தார். திருப்பினார். பின்பக்கம் வெறுமை. ஏதோ கேட்டார். ஏழுமலை என்னைச் சுட்டிக் காட்டினார். துப்பாக்கிக்காரர் முப்பது அடி மண்ணைக் கடந்து வந்தார். கை நீட்டினார். என் பையைக் காட்டினார். கொட்டகையைக் காட்டினார்.

அப்போதுதான் குடியரசுத் தலைவரின் வாசகத்தை வாசித்தேன். அப்போதுதான் அந்தக் குண்டு விழுந்தது. மீதியையும் வாசித்து முடித்தேன். அவர் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"புக்கு கேக்குறான்மே!" ஏழுமலை கத்தினார். "என் புக்கு! எடுத்துக் காட்டிடு!"

"ஒரிஜினலக் குடுக்கக் கூடாது! வாங்கி வெச்சிக்கினா இன்னா பண்ணுவீங்க?"

"பாக்கத்தான் கேக்குறான்! பாத்துட்டுக் குடுத்துருவான்!"

நான் கேட்கவில்லை. கடவுச்சீட்டு அரசின் சொத்து. அதிகாரம் இல்லாதவரிடம் ஒப்படைக்கக் கூடாது. இந்த ஆளின் சட்டையில் பெயர் இல்லை. பதவி இல்லை. காலில் ரப்பர் செருப்பு. ரப்பர் செருப்புப் போட்ட ஒருவரிடம் அசலைக் கொடுக்க முப்பத்துநான்கு ஆண்டுப் பழக்கம் விடவில்லை.

"ரைட்டிங்," என்றேன். "கிவ் மீ இன் ரைட்டிங்."

புரியவில்லை. இடது உள்ளங்கையில் வலது விரலால் எழுதிக் காட்டினேன். கீழே முத்திரை குத்திக் காட்டினேன்.

புரிந்துகொண்டார். அவருக்கும் எனக்கும் நடந்த பேச்சில் வெற்றி பெற்றது அது ஒன்றுதான். கொட்டகைக்குள் போனார். வேறொருவர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டோடு வந்தார். நான்கு வரி அரபி. எண் இருந்தது. தேதி இருந்தது. கையொப்பம் இருந்தது. நீல முத்திரை இருந்தது. ஓர் ஒப்புகைச் சீட்டில் வேறென்ன வேண்டும்? என் மனம் அடங்கியது. சாட்சி சொல்ல வந்தவள் இதையும் சொல்ல வேண்டும். வென்றுவிட்டதுபோல இருந்தது. சீட்டை மடிக்காமல் கோப்பில் வைத்தேன்.

அவர் மறுபடியும் கொட்டகையைக் காட்டினார். நான் தலையாட்டினேன். நன்றி என்றேன். நாற்பது சொற்களில் அது ஒன்று.

இரண்டு ஐம்பத்தைந்து. விசில். அடுத்தடுத்து மூன்று. பெண்கள் பேருந்தின் ஓட்டுநர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பேருந்தோடு வந்த தன்னார்வலர் இந்தியில் கத்துகிறார். "ஜல்தி! ஜல்தி!" பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். படியில் நின்று திரும்பினேன். என் கணவர் இருந்த பக்கம் ஒரே புழுதி.

"ரசீது வாங்கிட்டேன்! பின்னாடி பஸ்ல வந்துருங்க!"

"சரி, போ! குனிஞ்சிக்கினே போ!"

மூன்று ஐந்துக்குப் பேருந்து துறைமுகத்தை நோக்கி நகர்ந்தது.

ஆண்கள் பேருந்து மறுநாள் காலை ஒன்பதரைக்குத் துறைமுகத்துக்கு வந்தது. வாசலில் நின்றேன். முப்பத்தொரு பேர் இறங்கினார்கள். எண்ணினேன். உள்ளே ஏறிப் பார்த்தேன். இருக்கைகளின் அடியில் பார்த்தேன். காகிதம் இல்லாத சிலரைக் கொட்டகையில் நிறுத்திவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். என் கணவருக்குக் காகிதம் இருக்கிறது என்றேன். சீட்டைக் காட்டினேன். அவருக்கும் அரபி படிக்கத் தெரியாது. தலையாட்டினார்.

அந்தத் துறைமுகத்தில் அரபி படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கணக்கில் நடமாடினார்கள். சுமை தூக்குபவர்கள். தேநீர் விற்பவர்கள். ஒருவரிடமும் அந்தச் சீட்டைக் காட்டவில்லை. ஒப்புகைச் சீட்டை யார் படிப்பார்கள்? என் பணிக்காலத்தில் ஒன்றைக்கூட நான் படித்ததில்லை. எண் போட்டுக் கோப்பில் வைப்பேன்.

எட்டாம் தேதி கப்பல். ஏற மறுத்தேன். மறுப்பை எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஏற்றிவிட்டார்கள்.

கப்பலிலிருந்து விமானம். மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை, திண்டிவனம். பன்னிரண்டாம் தேதி முதல் மனு. விழுப்புரத்தில் எந்த அலுவலகம் என்று எழுதவில்லை. எல்லா அலுவலகத்திலும் அதே மேசைதான், அதே நாற்காலிதான். மேசைக்கு இந்தப் பக்கம் நான் அதுவரை உட்கார்ந்ததில்லை. இந்தப் பக்க நாற்காலிக்குக் கை இல்லை. மனுவோடு ஏழு இணைப்புகள். ஆறாவது, கடவுச்சீட்டின் நகல். ஏழாவது, ‘சோதனைச் சாவடியில் வழங்கிய ஒப்புகைச் சீட்டு’.

மனு மேலே போனது. மேலிருந்து இன்னும் மேலே போனது. ஏப்ரலில் ஒரு கடிதம். இந்தக் கடவுச்சீட்டு எண்ணில் எவரும் அங்கே பதிவாகவில்லை. மே மாதம் இன்னொன்று. அதே வாசகம். வேறு தேதி. இரண்டாவது மனு. மூன்றாவது. நான்காவது. ஒவ்வொன்றிலும் அந்த ஏழாம் இணைப்பு போனது. ஒவ்வொரு மேசையிலும் அதன் மூலையில் ஒரு முத்திரை விழுந்தது. ஒருவரும் என்ன இது என்று கேட்கவில்லை.

ஏழுமலையின் தம்பி ரங்கநாதன் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டேரிப்பட்டிலிருந்து பேருந்தில் வருவார். அதே கேள்வி.

"அண்ணன் எப்ப வரும், அண்ணி?"

"மனு போயிருக்கு."

"ரசீது இருக்குதில்ல. ஒண்ணும் ஆவாது. வந்துரும்."

ஜூன் பதினாறு, திங்கட்கிழமை. ஐந்தாவது மனு திரும்பி வந்தது. ‘இணைப்பு 7 பிறமொழி ஆவணம். மொழிபெயர்ப்பு இணைக்கப்படவில்லை. குறையை நிவர்த்தி செய்து மீளச் சமர்ப்பிக்கவும்.’ அந்த வாசகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். பணியில் இருந்தபோது அதை வரைவு செய்ததே நான்தான். அன்றே பேருந்து ஏறி விழுப்புரம் போனேன். சண்டை போடுவதற்காகப் போனேன்.

மேசையில் சுமதி. என் பிரிவில் ஆறு ஆண்டு இளநிலை உதவியாளராக இருந்தவள். எழுந்து நின்றாள்.

"கோவப்படாதீங்க மேடம். நீங்க சொல்லிக் குடுத்ததுதான். மொழிபெயர்ப்பு இல்லாத பேப்பரு வெறும் பேப்பருன்னு சொல்வீங்க."

"சுமதி, அது ரசீதும்மா. ரசீதுக்கு எதுக்கு மொழிபெயர்ப்பு?"

"ரசீதுன்னு யாரு மேடம் சொன்னாங்க?"

பக்கத்து மேசையில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார்கள். டக். டக். டக்.

மறுநாள் கோட்டக்குப்பம். பஷீர் பாய் வளைகுடாவில் இருபத்திரண்டு ஆண்டு அரபித் தட்டச்சு வேலை பார்த்தவர். மசூதித் தெருவில் யாரைக் கேட்டாலும் அவர் வீட்டைக் காட்டினார்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சீட்டை வாங்கினார். உதடு அசையாமல் படித்தார். முதலிலிருந்து மறுபடியும் படித்தார்.

"இது எப்ப குடுத்தாங்கக்கா?"

"மார்ச் ஆறு."

"மொதல்ல டீ குடிங்க."

"படிங்க பாய்."

"ரசீது இல்லீங்கக்கா இது."

அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். பழக்கம். கார்பன் தாள் இல்லாததால் இரண்டு முறை எழுதினேன். ‘எண் 214. இந்தியர். முதியவர். இவருடைய கடவுச்சீட்டு மனைவியின் பையில் இருப்பதாகச் சொல்கிறார். அந்த அம்மாள் அதை இன்று மாலைத் தொழுகைக்கு முன் கொட்டகையில் காட்டினால் இருவரையும் சேர்த்து அனுப்பவும். காட்டும்வரை இவரை இங்கே நிறுத்தி வைக்கவும்.’

பஷீர் பாய் சீட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"நல்ல மனுசன் எழுதியிருக்கான்க்கா. ரொம்பத் தெளிவா எழுதியிருக்கான்."

எழுத்துமூலமாகக் கேட்டேன். எழுத்துமூலமாகக் கொடுத்தார்கள். நூற்று மூன்று நாட்கள் அதை என் கோப்பில் வைத்திருந்தேன். கொட்டகை முப்பது அடி தூரத்தில் இருந்தது. துப்பாக்கிக்காரர் இரண்டு முறை கை காட்டினார். என் கணவர் நான் பிறந்த மொழியில் கத்திச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதனிடம் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. எழுந்தார். செருப்பைத் தேடினார். செருப்பு காலடியிலேயே கிடந்தது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை.

ஜூன் பதினெட்டாம் தேதியே ஆறாவது மனுவை அனுப்பியிருந்தேன். மொழிபெயர்ப்போடு. கடவுச்சீட்டு எண்ணை வைத்துத் தேட வேண்டாம், அந்த எண் என் பையில் இருந்தது, அவர்களுடைய ஏட்டில் அவர் வெறும் 214 என்று எழுதினேன். பத்தி பிரித்து, வரிசை எண் இட்டு, பணிவுடன். அதன் பிறகு இரண்டு மாதம் எந்தக் கடிதமும் இல்லை. தபால்காரர் எங்கள் தெருவில் நுழையும் நேரம் பதினொன்று. நான் பத்தரைக்கே கதவைத் திறந்து வைத்தேன்.

பதில் வந்தபோது அரைப் பக்கம்தான் இருந்தது. கொட்டகை ஏட்டில் எண் 214 இருக்கிறது. இந்தியர், ஆண். மார்ச் எட்டு, சனிக்கிழமை விடிகாலையில் கொட்டகையின் மேல் குண்டு விழுந்தது. உள்ளே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த பன்னிரண்டு பேரும் இறந்தார்கள். சாலையோரத்தில் ஒரே இடத்தில் அடக்கம் செய்தார்கள். நான் துறைமுகத்தில் மறுப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த காலை அது. ஆறு மனுக்களையும் நான் இறந்துபோன ஒருவருக்காக எழுதியிருக்கிறேன். இடத்தை நேரில் அடையாளம் காட்ட வருபவர் உரிய ஆவணங்களின் அசலைக் கொண்டுவர வேண்டும் என்று கடைசி வரி சொல்கிறது.

இழந்தவற்றைப் பதிவு செய்கிறேன். துணிப்பெட்டி இரண்டு. சொற்கள் எழுதிய நோட்டு ஒன்று. பிடுங்காமல் மண்ணிலேயே விட்ட ஒரு பருவ மல்லாட்டை. இத்ரீஸைப் பற்றிய தகவல் எதுவும் இல்லை. அவர் உயிரோடு இருப்பதாகவே கணக்கில் வைத்திருக்கிறேன். கொட்டகையில் பன்னிரண்டு பேர். பதினொரு பேரின் பெயரும் ஊரும் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் எங்காவது மனு எழுதிக்கொண்டிருப்பார்கள். பன்னிரண்டாமவர் ஏழுமலை. வயது அறுபத்து மூன்று. ஊர் மயிலம் பக்கம். இழக்காதவை, கடவுச்சீட்டு இரண்டு. இரண்டும் அசல். இரண்டிலும் கிழிசல் இல்லை.

ஆறாவது மனுவுக்கான பதில் என் கைக்கு வந்தது ஆகஸ்ட் பத்தொன்பது, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்து.